பேச்சியம்மாளின் வழியனுப்புத் தாள்

திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணி இருக்கும். காளவாசலில் உள்ள எங்கள் அலுவலகத்தில் நானும் இன்னும் மூன்று பேரும் இருந்தோம். முருகேசன் போனில் வந்தார். பேச்சியம்மாளின் கணவர். ஒரு வாரமாக அவளுக்குக் காய்ச்சல். விடுப்பில் இருந்தாள். சனிக்கிழமைகூடத் தேவலை என்று செய்தி அனுப்பியிருந்தாள். ஆகவே முருகேசன், "பேச்சி போயிட்டா மச்சான்" என்றபோது, "காய்ச்சலோட எங்க மாப்ள போயிருக்கு, ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றேன். பிறகு யாரோ ஒரு பெண் போனை வாங்கி, ஞாயிறு மாலை திடீரென்று ரத்த அணுக்கள் இறங்கிவிட்டன என்றும், இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திருநகர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

செய்தி கேட்ட அந்த நிமிடமே நான் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அவளோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் அது என்னவென்று சொல்வார்கள். நான் செய்யவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு திருநகருக்குப் போனேன்.

மாதம் ஒருமுறை பசுமலையில் கூடும் நம் கணினித் தொழில்காரர் குழு அவளுக்கு நடத்தும் அஞ்சலிக் கூட்டத்துக்கு ஒரு சிறு மலர் போடுகிறார்கள். அதற்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். "நல்லபடியா நாலு வார்த்தை எழுதுங்கண்ணே" என்றார்கள். அவளைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது முழுக்க என்னைப் பற்றியது, அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் வேண்டுமானால் வேறு யாருடையதையாவது குறைத்துக்கொள்ளட்டும்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. பதினோரு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து 'பேச்சி, பேச்சி' என்று கூப்பிட்டுவிட்டு இப்போது அவர் இவர் என்று எழுதினால், அவளே படித்தாலும் யாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவள் என்னை அண்ணே என்பாள். வயதில் நான் மூன்று வருடம் மூத்தவன். வேலையில் அவள்தான் மூத்தவள், அதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

எங்கள் தொழிலைப் பற்றி நம் குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சலிக்கு வருகிற அவளுடைய சொந்தக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மில் என்று நாற்பது இடங்களின் கணினிகளை நாங்கள் காவல் காக்கிறோம். அவர்களுடைய பில்லும் பதிவேடும் இப்போதெல்லாம் அவர்கள் கட்டடத்தில் இருப்பதில்லை. எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த கணினிகளில், கிளவுட் என்கிறார்களே அதில், இருக்கின்றன. அந்த நாற்பது இடங்களுக்கும் உள்ளே போய்வரும் உரிமை பேச்சியம்மாளின் கணக்குக்கு இருந்தது. அவள் தன் பெயரைப் போட்டு, பாஸ்வேர்டைப் போட்டு, பிறகு தன் போனில் வரும் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் எந்தக் கதவும் திறக்கும்.

அவள் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர்க்காரி. அப்பாவுக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடையாது, அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவளாகச் சொன்னாள். "எங்கய்யா கடைசி வரைக்கும் அடுத்தவுக வாசல்ல நின்னுதான்ணே பேசிட்டு வந்தாரு. உள்ள வான்னு ஒருத்தரும் சொன்னதில்ல. எனக்கு இன்னிக்கு நாப்பது வீட்டுச் சாவியக் குடுத்து வச்சிருக்காக. ஒரு வீட்டுலயாவது ஒரு பொருள் காணோம்னு வந்துச்சுன்னா நான் எங்கய்யா முகத்துல முழிக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்ததாக அப்போது நினைத்தேன். பயம்தான் அதிகம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அவளைக் கண்டிப்புக்காரி என்று சொல்லாத ஆள் கிடையாது. அவர்களுக்குச் செல்லூர் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே சந்துக்குள் துண்டு, துவாலை ஏற்றுமதி செய்கிற ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். பில் போடும் கணினி மாதம் இருமுறை படுத்துக்கொள்ளும். நாங்களும் மாறி மாறிப் போய் எழுப்பிவிட்டு வருவோம். ஒருமுறை பேச்சி போனாள். கணினியைப் பார்க்கும் முன் வெளியே வந்து எதிர் டீக்கடையில் டீ வாங்கினாள். கடைச் சுவரில் கரியால் ஒரு வார்த்தை எழுதியிருந்தது. அது ஏற்றுமதிக்காரரின் வைஃபை பாஸ்வேர்டு. தறிக்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த இணைப்பில்தான் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே இணைப்பில்தான் வெளிநாட்டு ஆர்டரும் பேங்க் வேலையும் நடந்துகொண்டிருந்தன. முதலாளிக்குக் கோபமான கோபம். டீக்கடைக்காரரைப் பிடித்துச் சத்தம் போடக் கிளம்பினார். பேச்சி தடுத்துவிட்டாள். "அவரு என்ன பாவம் செஞ்சாரு? நீங்க திறந்து போட்டீக, அவரு சொவத்துல எழுதுனாரு. அவுகளுக்குத் தனியா ஒரு கதவு போட்டுக் குடுப்போம், நம்ம வீட்டுக்குள்ள வராம அவுக பாட்டுக்குப் போயிட்டு வரட்டும்" என்றாள். அரை நாளில் இணைப்பை இரண்டாகப் பிரித்தாள். டீக்கடைச் சுவரில் புது வார்த்தையை அவளே கரியால் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அது இன்னும் இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன், வடையெண்ணெய் பட்டு மங்கியிருக்கிறது.

இன்னொன்று. பில்லில் தமிழ் எழுத்து ஒழுங்காக அச்சாக வேண்டும் என்றால் அதற்கு ஒரு சிறு மென்பொருள் துண்டு வேண்டும். உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது, ஓப்பன் சோர்ஸ். எங்கள் வாடிக்கையாளர் பாதிப்பேர் அதை உபயோகித்தார்கள். எங்கோ குளிர்தேசத்தில் ஒரு மனிதர் சம்பளமில்லாமல் தனியாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவர் பெயரைக்கூடக் கவனித்ததில்லை. பேச்சி வருடா வருடம் பொங்கலுக்கு அவருக்கு நன்றி எழுதுவாள். நான் கேலி செய்வேன். "ஓசில கெடைக்குதுன்னு எடுத்துப் போட்டுக்கிறோம். அத ஒருத்தன் உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கான். அவன் நல்லா இருக்கானான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறைஞ்சு போகும்?" என்பாள்.

ஒரு பொங்கலுக்கு அவரிடமிருந்து பதில் வந்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லை, அலுத்துவிட்டது, ஒரு வருடமாகக் கூடமாட ஒத்தாசை செய்யும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். எல்லோரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பேச்சி மட்டும், அந்த ஒத்தாசைக்காரரை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு எழுதினாள். இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்கே எங்கள் எல்லா இடத்திலும் அந்த மென்பொருளை இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்தாள். புது அப்டேட் எதையும் எடுக்கவில்லை. "சாவி கை மாறுதுன்னா ஆளப் பாக்கணும்ணே" என்றாள். மூன்று மாதம் கழித்து, புதியவர் சேர்த்த வரிகளில் ஒன்று பாஸ்வேர்டுகளை வெளியே கடத்துகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். நாங்கள் தப்பித்தோம். அலுவலகத்தில் கேக் வெட்டினோம். அவள் தன் துண்டைத் தொடவில்லை. "அந்த மனுசன் இப்ப எம்புட்டு நொந்து போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அதற்குப் பதில் வரவில்லை.

இப்போது வழியனுப்புத் தாளுக்கு வருகிறேன். அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். எங்கள் நிறுவனத்தை விட்டு ஒருவர் போகிறார் என்றால் அவர் உள்ளே போய்வந்த வழிகளையெல்லாம் அடைக்க வேண்டும். மின்னஞ்சல், கிளவுட் கணக்கு, ஒவ்வொரு வாடிக்கையாளர் இடத்திலும் உள்ள உரிமை, போன் அனுமதி, அலுவலகச் சாவி. முப்பத்தி நான்கு வரி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம். அடைத்தவர் ஒரு கையெழுத்து, அடைத்திருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தவர் ஒரு கையெழுத்து. போகிறவர் வீடு போய்ச் சேரும் முன் முடிந்திருக்க வேண்டும். "ஒத்தக் கையெழுத்து கணக்குல சேராது" என்பது அவள் சட்டம். நான் அடைத்தால் அவள் பார்ப்பாள், அவள் அடைத்தால் நான் பார்ப்பேன். பதினோரு வருடத் தாள்களிலும் இந்த இரண்டு கையெழுத்துகள்தான்.

எங்கள் முதலாளியின் சொந்த மச்சினன் வேலையை விட்டபோது பிரிவுபசார விருந்து நடந்தது. அவர் பாயாசம் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போனில் மின்னஞ்சல் நின்றுபோனது. முதலாளி முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் பேச்சியைக் கூப்பிட்டு, சொந்தக்காரனைத் திருடன் மாதிரி நடத்துவதா என்று கேட்டார். அவள் நின்றபடியே சொன்னாள். "திருடன்னு நெனைச்சு சாத்தல சார். நாளைக்கு அவரு பேர்ல வேற எவனாவது உள்ள வந்து கைவச்சா, பழி அவரு மேல விழும். அவரு இங்க இருந்து பதில் சொல்ல முடியாது. போனவுகளுக்காகத்தான் சாத்துறோம்." நான் அந்த அறையில்தான் இருந்தேன். என் காதாலேயே கேட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. இருபது நாள் விடுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் நாள் தனக்கே ஒரு வழியனுப்புத் தாள் எடுத்து, தன் வழிகளைத் தானே அடைத்துவிட்டு, பார்த்தவர் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். திரும்பி வரத்தானே போகிறாய், எதற்கு இந்த அழிச்சாட்டியம் என்றேன். "நான் மயக்கத்துல கெடக்கும்போது என் பேரு நடமாடக் கூடாதுண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அவள் கடைசியாக அலுவலகம் வந்த திங்கட்கிழமை அப்படிச் செய்யவில்லை. மத்தியானம் உடம்பு சுடுகிறது என்றாள். வாடிக்கையாளரான ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் நேரில் போய், அங்குள்ள பதிவுகளையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி, அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வருவது அவள் வழக்கம். கிளவுடில் நகல் இருக்கும்போது இது எதற்கு என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். "ஒயர்ல இல்லாத பொருள ஒயர் வழியா எடுக்க முடியாதுல்ல" என்பாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் வழக்கம்போல் போய் எடுத்துவைத்திருந்தாள். அடுத்த வெள்ளிக்குள் வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "வியாழக்கிழமை வாரேண்ணே" என்றாள். நான் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றேன். அவள் என்னிடம் நேரில் பேசியது அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து மறுநாள் அலுவலகம் போனேன். அவள் கணக்கை அடைக்க உட்கார்ந்தேன். எங்கள் அலுவலக அரட்டைப் பக்கத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் இருக்கும், குலதெய்வம் கோயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த படம். கணக்கை அடைத்தால் அந்தப் படமும் பெயரும் போய்விடும். என்னால் முடியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வேறு சிக்கல் வந்தது. வாடிக்கையாளர்களுக்கு வாராவாரம் ஓட வேண்டிய சில வேலைகள் அவள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தன, அதில் ஒன்று நின்றுவிட்டது. அவள் கணக்கில் நுழைந்தால்தான் சரிசெய்ய முடியும். நுழைய அவள் போன் வேண்டும். போன் திருநகர் வீட்டில் இருந்தது. துக்க வீட்டில் போய், பொண்டாட்டியை இழந்த மனிதரிடம், அவள் போனைக் கொடுங்கள், அதில் விரல் ரேகைப் பூட்டு எதுவும் வைத்திருக்கிறாளா என்று எந்த முகத்தோடு கேட்பது? அதனால் ஒரு காரியம் செய்தேன். எனக்கிருந்த அதிகாரத்தை வைத்து அவள் கணக்குக்குப் போன் அனுமதி தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். பழைய பாஸ்வேர்டை மாற்றி, நானும் இன்னொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக அவள் பெயரையும் எங்கள் கட்டட எண்ணையும் சேர்த்து ஒரு புது பாஸ்வேர்டு வைத்தேன். எழுதக் கூசுகிறது. பதினோரு வருடம் அவளோடு உட்கார்ந்து வேலை பார்த்தவன் வைத்த பாஸ்வேர்டு அது. கதவை அடைக்க மனமில்லை என்று சொன்ன அதே ஆள், தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டு வந்தேன்.

ஊரூராக, கணக்குக் கணக்காக, லேசான பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் கும்பல்கள் உண்டு. அவள் இறந்த ஒன்பதாம் நாள் அப்படி ஒரு கும்பல் பேச்சியம்மாள் என்ற பெயரில் உள்ளே வந்தது. நாற்பது கதவில் அவர்கள் முதலில் திறந்தது அந்தப் பரிசோதனை நிலையம். கிளவுடில் இருந்த நகல்களை அழித்தார்கள். பதிவுகளையெல்லாம் பூட்டினார்கள். காலையில் ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் கவுண்டரில் நிற்கிறார்கள், திரையில் பணம் கொடுத்தால் திறக்கிறோம், இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்ற ஒரே ஒரு வரி நிற்கிறது. நாங்கள் அவள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற இடங்களைத் துண்டித்துக் காப்பாற்றினோம். அங்கே காப்பாற்ற எங்கள் கையில் ஒன்றுமில்லை.

காப்பாற்றியது அவள்தான். பீரோவில் அந்த ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதிலிருந்து பல வருடத்துப் பதிவுகளைத் திரும்ப ஏற்றினோம். அவள் கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை வரை எல்லாம் அப்படியே கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் நகல் எடுக்கவில்லை, எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அதனால் அவள் இல்லாத அந்த இருபது நாள் பதிவுகள் மட்டும் போய்விட்டன. அந்த இருபது நாளில் அவளுடைய சொந்த ரத்தப் பரிசோதனையும் இருந்தது.

நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா போனில் அழுதார். அவர் கேட்டது எந்தப் பெயரில் உள்ளே வந்தார்கள் என்று. பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். "செத்தவங்களப் பத்திப் பேசக் கூடாது சார். ஆனா அந்தப் பொண்ணு யாருக்கோ பாஸ்வேர்டக் குடுத்துட்டுத்தான் போயிருக்கு" என்றார். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை என்று அன்று முழுவதும் என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லா வாடிக்கையாளர்களுக்கும் விளக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் முதலாளி, உண்மையைச் சொன்னால் நிறுவனம் நிற்காது, ஒன்பது குடும்பம் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், வார்த்தையை எழுதியது என் கை. 'மறைந்த ஊழியர் ஒருவரின் கணக்கு தவறாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது.' அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. படித்த நாற்பது பேரும் என்ன புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். போனவர் மேல் பழி விழும், அவர் இருந்து பதில் சொல்ல முடியாது என்று அவள் என் காதுபட முதலாளியிடம் சொன்னாளே, அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்த பிறகுதான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருநகர் போனேன். பந்தலில் சாப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். பேச்சியைக் கூட்டிக்கொண்டு போனது தாமதமா, முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று வேறொரு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது. அதற்காக அவள் ரிப்போர்ட்டை வாங்கப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருக்கிறார். ரிப்போர்ட் இல்லை. ஏன் இல்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லியிருக்கிறது.

"பேச்சி பேர்ல பூந்துதான் எல்லாத்தையும் அழிச்சாகளாம் மச்சான்" என்றார். "அவ யாருக்காச்சும் பாஸ்வேர்டக் குடுத்திருப்பாளா? கூட இருந்த எனக்கே குடுத்ததில்லையே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? விசாரித்துக்கொண்டிருக்கிறோம் மாப்ள என்றேன். அலுவலகத்தில் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல். அவர் தலையை ஆட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன். அவரே எனக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அந்தக் குளிர்தேசத்து மனிதரை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவர் அலுப்பில் கொடுத்தார், நான் துக்கத்தில் கொடுத்தேன். இரண்டு பேருமே கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் யாருக்கு என்ன ஆறுதல்? அவர் ஏன் பேச்சியின் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

இதுவரை எழுதியதை நான்கு நாள் முன்னால் முருகேசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் படித்தார். செல்லூர் டீக்கடை இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் இலகுவாக இருக்கும் என்றும் எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய் அவளுடைய போனை எடுத்து வந்தார். துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன் மச்சான்" என்றார். "அவ சொல்லி வச்சிருந்தா. எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அண்ணே வந்து கேப்பாரு, உடனே குடுத்துருங்கன்னு. நானும் அன்னிக்கு முழுக்க சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

நான் போனை அவரிடமே விட்டுவிட்டுக் கிளம்பும்போது, இதை மலரில் போடுவதற்கு முன் அந்தக் கவுண்டரில் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் போனேன். டாக்டரம்மா ஊரில் இல்லை, போனில் சொன்னேன். அவர் உங்கள் நிறுவனத்தோடு இனிமேல் வேலை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கவுண்டரில் வரிசை நின்றது. என் முறை வந்ததும், பேச்சியம்மாள் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, அவள் இறந்த பிறகு அவள் கணக்கைத் திறந்து போட்டது நான், உங்கள் பழைய ரிப்போர்ட்டெல்லாம் மிஞ்சியது அவளால்தான் என்றேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தது. "சரி சார்" என்றது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது. நாற்பது பேருக்கும் கடிதம் எழுதிவிட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், மூன்றுமே ஒப்பந்தத்தை முடிப்பது பற்றி. மற்றவர்கள் படித்தார்களா என்று தெரியாது. ஒருமுறை பரவிய பேச்சை எத்தனை கவுண்டரில் நின்று திரும்ப வாங்குவது? அவள் பெயர் முழுசாகத் திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நானும் வேலையை விட்டுவிட்டேன்.

போவதற்கு முன் அவளுக்கு வழியனுப்புத் தாள் எழுதினேன். முப்பத்தி நான்கு வரியையும் ஒவ்வொன்றாக அடைத்தேன். கடைசியில் அந்தக் கோயில் படமும் பெயரும் திரையிலிருந்து போயின. அடைத்தவர் என்ற கட்டம் முழுக்க என் கையெழுத்து. பக்கத்துக் கட்டத்தில் போடுகிறேன் என்று அலுவலகத்தில் ஒருவர் பேனாவை எடுத்தார், வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவளிடமிருந்து என்னிடம் மிச்சமாக இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். முப்பத்தி நான்கு வரியிலும் ஒத்தக் கையெழுத்து. அவள் சட்டப்படி அது கணக்கில் சேராது.